பதினாலாம் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

பிள்ளையார் சுழி போடாமல்தான் இதை ஆரம்பிக்கிறேன். மறந்துபோய் அல்ல. காரணம் போகப் போகத் தெரியும்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பக்கம், வயலுக்கு நடுவில் ஒரு சின்னத் துணை மின் நிலையம். அதன் பேர் வேண்டாம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே நான் ஆபரேட்டர். போன தை மாதம் பழைய ஆட்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மின் ஊழியர் சங்க மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் பையன் தங்கமானவன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைக் காட்டினான்.

"இது நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும் சார். எது நடந்தாலும் தானா லாக் எழுதிக்கும். ஃபைல் ரொம்பிட்டா அதை மூடிட்டுப் புதுசு திறந்துக்கும். பத்து ஃபைல் வரைக்கும் வச்சிருக்கும். பதினொண்ணாவது வந்தா, இருக்கிறதுலயே பழசு எதுவோ அது தானா அழிஞ்சிடும். நம்ம கை வைக்கவே வேணாம்."

நான் கேட்டேன்: "ஃபைல் மாத்துற நேரத்துல ஒரு வேலை பாதியில நிக்குதுன்னு வச்சிக்கோ. அது எதுல இருக்கும்?"

"ஆரம்பிச்சது பழசுல இருக்கும், முடிஞ்சது புதுசுல இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும் சார்."

"பழசு அழிஞ்சிட்டா?"

பையன் சிரித்தான். "அவ்வளவு நாள் கழிச்சு யார் சார் கேக்கப் போறாங்க?"

ஒருத்தி கேட்டாள் தம்பி. அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உங்கள் மலருக்கு ஒத்துவராவிட்டால் தூக்கிக் குப்பையில் போடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

ஐ.டி.ஐ. படித்தது, ஹெல்பராக இரண்டு வருஷம் கம்பம் தூக்கியது, ஷாக் அடித்து விழுந்து கையை முறித்துக்கொண்டது எல்லாம் எல்லோருக்கும் உள்ள கதைதான். எனக்கு உண்மையில் வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ. வரதராஜன் சார். ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை. பேசினால் குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். முப்பது வருஷத்தில் அவர் கத்தி ஒருத்தரும் பார்த்ததில்லை. நாம் தப்பு எழுதியிருந்தால் லாக் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து நம் முன்னால் வைப்பார். தப்பு இருக்கிற வரிக்குக் கீழே ஆள்காட்டி விரலை வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நாமே கண்டுபிடித்துத் திருத்தி இனிஷியல் போடும்வரை அந்த விரல் நகராது. அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றும்.

"எழுதலைன்னா நடக்கலை" என்பார். அவர் வேதம் அதுதான். டிரான்ஸ்பார்மர் எண்ணெய்ச் சூடு, வோல்டேஜ், ஆம்ப்பியர் எல்லாம் மணிக்கொரு தரம் ரீடிங் தாளில் ஏறும். ஃபீடர், அதாவது ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகிற லைன், டிரிப் ஆனது, திரும்பப் போட்டது, யாருக்கு லைன் கிளியர் கொடுத்தோம் என்பதெல்லாம் லாக் புத்தகத்தில். லைன் கிளியர் என்பது, லைனில் கரண்ட்டை நிறுத்திவிட்டோம், தைரியமாகக் கம்பத்தில் ஏறலாம் என்று வயர்மேனுக்கு நாங்கள் கொடுக்கிற வாக்கு. அதற்கென்று அச்சடித்த பர்மிட் புத்தகம் உண்டு. எங்கள் நிலையத்தில் அது தீர்ந்துபோய் மாதக்கணக்கில் வரவில்லை. 'ஆள் வேலை செய்கிறார், ஸ்விட்ச் போடாதே' என்ற பலகை இரண்டு இருந்தது. ஒன்று காணாமல் போயிற்று, இன்னொன்று மழையில் எழுத்து அழிந்து கோழிக்கூண்டுக்கு மூடியாயிற்று. தப்பி வருகிற கரண்ட்டைத் தரைக்கு இறக்குகிற எர்த் கம்பியும் ரிப்பேருக்கு என்று காஞ்சிபுரம் போனது போனதுதான்.

ஆகவே ஜே.இ. சார் ஒரு முறை வைத்திருந்தார். லைன் கிளியரை லாக் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதி, வயர்மேனிடம் அங்கேயே கையெழுத்து வாங்க வேண்டும். அவன் வேலை முடிந்து வந்து மறுபடி கையெழுத்துப் போடும்வரை யாரும் அந்த ஸ்விட்சைத் தொடக்கூடாது. ஷிப்ட் மாறும்போது வருகிறவன் முதலில் சிவப்பைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்தச் சிவப்பு வரிதான் பலகை, பூட்டு எல்லாம்.

ஒரு புத்தகம் ஏறக்குறைய நாலு மாதம் வரும். தீர்ந்ததும் கடைசிப் பக்கத்தில் 'இத்துடன் முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, காக்கித் தாள் அட்டை போட்டு, நம்பர் எழுதி, சணல் கட்டி பீரோவில் மேலாக வைக்க வேண்டும். பீரோத் தட்டில் பத்துப் புத்தகத்துக்குத்தான் இடம். பதினொன்றாவது வந்தால் அடியில் இருப்பதை உருவி, லிஸ்ட் போட்டு, ஆபரேட்டரும் ஜே.இ.யும் கையெழுத்திட்டு, பின்னால் இருக்கும் குழியில் போட்டு எரிக்க வேண்டும்.

புதுப் புத்தகம் எடுப்பது எங்களுக்கு ஒரு பூஜை மாதிரி. நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம், பிள்ளையார் சுழி. முதல் வரி 'எல்லா ஃபீடரும் நார்மல்' என்றுதான் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் சிவப்பு மையே படக்கூடாது. ஒரு தடவை டிரிப் ஆன கணக்கோடு ஒரு புத்தகத்தைத் தொடங்கினோம், அந்தப் புத்தகம் முடிவதற்குள் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோயிற்று. அதிலிருந்து வந்த வழக்கம். வோல்டேஜை ஒரு புள்ளி பிசகாமல் பார்க்கிற ஜே.இ. சாரும் இதில் மட்டும் வாயைத் திறந்ததில்லை. பாக்கி இருக்கிற லைன் கிளியரை இரண்டாம் பக்கத்தில் சிவப்பில் எழுதிக்கொள்வோம். வருகிறவன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வான்.

அன்றைக்குக் காலை ஷிப்ட் எனக்கு. பதினொன்று பத்துக்கு வயர்மேன் ஏழுமலை சைக்கிளில் வந்தான். காவாந்தண்டலத்து ஆள். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். மூன்றாம் நம்பர் ஃபீடரில், ஏரிக்கரைக் கம்பத்தில் இன்சுலேட்டர் வெடித்திருந்தது. அவன் ஹெல்பர் அன்று லீவு. தனியாகப் போகாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஃபீடரை நிறுத்தினேன். சிவப்பில் எழுதினேன். ஏழுமலை பள்ளிக்கூடம் போகாதவன். வேலைக்கு வந்த பிறகு கையெழுத்து மட்டும் கற்றுக்கொண்டான். நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கோலம் போடுகிறவன்போல் போட்டு, கடைசியில் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பான்.

"இன்னா சார், நேரா கீதா?"

"உன் கம்பத்தைவிட நேரா இருக்குடா, போ."

சிரித்துக்கொண்டே போனான். நான் அவனைப் பார்த்தது அதுதான் கடைசி.

ஒன்றரை மணிக்குப் பதினாலாம் நம்பர் புத்தகம் தீர்ந்தது. ஏழுமலையின் வரி அதன் கடைசிப் பக்கத்தில் இருந்தது. முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினைந்தை எடுத்தேன். மஞ்சள் தடவினேன், சுழி போட்டேன், 'எல்லா ஃபீடரும் நார்மல்' என்று எழுதினேன். பக்கத்தைத் திருப்பிச் சிவப்புப் பேனாவைத் தேடும்போது முக்கில் டவுன் பஸ் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அடுத்தது நாலு மணிக்கு. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லை, விசேஷம், அவசரம் என்று எதுவும் கிடையாது. எனக்குப் பசி. அவ்வளவுதான். மதிய ஷிப்ட் கோதண்டம் அப்போதுதான் வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். "புது புக்கு எடுத்துக்கீது, பாத்துக்கோ" என்று கத்திவிட்டு ஓடினேன். அது மட்டும்தான் சொன்னேன். மூன்றாம் நம்பரில் ஆள் இருக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னேனோ என்று எத்தனையோ வருஷம் மனசைக் குடைந்து பார்த்துவிட்டேன். சொல்லவில்லை.

தண்ணீர் இல்லாத வருஷம் அது. பயிர் காய்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் விடு என்று நாலு பேர் கேட்டில் வந்து நின்றிருக்கிறார்கள். கோதண்டம் புத்தகத்தைப் பார்த்தான். எல்லாம் நார்மல். இரண்டாம் பக்கம் காலி. இரண்டு இருபதுக்கு மூன்றாம் நம்பரைப் போட்டான்.

நான் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். சைக்கிளில் ஒருவர் வந்து, "ஏரிக்கரைக் கம்பத்துல..." என்று ஆரம்பித்தார். மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் போனபோது கோதண்டம் தரையில் உட்கார்ந்து புதுப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தான்.

"எல்லாம் நார்மல்னு நீதானேய்யா எழுதிக்கீற. நீதானே எழுதிக்கீற."

அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஜே.இ. சார் ஐந்து மணிக்கு வந்தார். இரண்டு புத்தகத்தையும் படித்தார். பதினாலுக்குத் தானே அட்டை போட்டு, நம்பர் எழுதி, சணல் கட்டினார். பீரோவில் மேலாக வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் சட்டைப்பையில் போடவில்லை, என் கையில் கொடுத்தார்.

"கோதண்டத்துக்கு மூணு பொண்ணு. உனக்கு ரெண்டு. ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனா ஏழுமலை எழுந்து வந்துடப் போறதில்லை. எழுதலைன்னா நடக்கலை, சிங்காரம்."

"எழுதியிருக்கு சார்."

"எதுல?" என்றார். குரல் உயரவே இல்லை.

நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து விசாரணை. வந்த அதிகாரி அவசரக்காரர். பீரோவுக்கும் அவர் நாற்காலிக்கும் மூன்றடி தூரம். பதினைந்தாம் புத்தகத்தைப் பார்த்தார். "காலையில நடந்தது?" என்றார். "பழைய புக் சார், குளோஸ் ஆயிடுச்சு. காலையில விசேஷமா ஒண்ணுமில்லை. டியூட்டியில இருந்தவர் இவர்தான், கேளுங்க" என்றார் ஜே.இ. சார். ரீடிங் தாளில் மூன்றாம் நம்பருக்குப் பூஜ்யம் இருந்தது. அது முறை வைத்துக் கரண்ட் விடுகிற நேரம், மூன்றாம் நம்பருக்கு இன்னும் முறை வரவில்லை என்றோம். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"ஏழுமலை உங்ககிட்ட லைன் கிளியர் கேட்டாரா?"

பீரோவின் சாவி என் இடுப்பில் இருந்தது. வாயைத் திறந்தால் போதும்.

"வந்தான் சார். லைனைப் பார்த்துட்டு வர்றேன்னான். லைன் கிளியர் கேக்கலை."

மனிதன் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

'அனுமதி பெறாமலும், நிதானம் தவறிய நிலையிலும் ஏறியிருக்கக்கூடும்' என்று அறிக்கை வந்தது. நிதானம் தவறிய என்பதை யார் சொன்னார்கள், எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏழுமலை குடித்துவிட்டு ஏறினான். திருவிழாவுக்குத் திருவிழா அவன் கொஞ்சம் போடுவான் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அது போதாதா? தன் தவறால் செத்தவன் வீட்டுக்கு வாரிசு வேலை கிடையாது என்று அவன் பெண்டாட்டி பாஞ்சாலையின் மனுவைத் திருப்பிவிட்டார்கள். கைக்குழந்தையோடு நாற்று நடப் போனாள். கோதண்டம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் எனக்கு ஒரு கடுதாசிகூடப் போட்டதில்லை.

பீரோவில் பதினாறு வந்தது, பதினேழு வந்தது. ஒவ்வொரு புதுப் புத்தகத்துக்கும் பதினாலு ஒரு படி கீழே இறங்கியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அது அடிக்குப் போய்விட்டால் எனக்கு விடுதலை என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வருஷம் கழித்து, பதினாலு அடியில் இருக்கும்போது, பாஞ்சாலை நிலையத்துக்கு வந்தாள். சங்கத்து ஆள் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கையில் ஒரு மனு நகல். பெண் குழந்தை புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"சார், ஏறும்போது புக்குல கையெழுத்து போட்டுட்டுதான் ஏறுவாங்களாமே. அன்னிக்குப் புக்கு கீதா சார்? எங்க வூட்டுக்காரரு கையெழுத்து அதுல இருந்தா கேஸை மறுபடியும் எடுப்பாங்களாம்."

இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

"தேடிப் பார்க்கணும்மா. பதினஞ்சு நாள் கழிச்சு வா."

"சரி சார். நீங்க தேடுங்க. உங்களைத்தான் நம்பிக்கினு கீறேன்." குழந்தையையும் கும்பிடச் சொன்னாள். அது கும்பிட்டது.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது இருபத்துநாலாம் புத்தகம். அது முடிந்து பீரோவுக்கு வந்தால்தான் பதினாலு வெளியே போகும். இன்னும் ஒரு மாதத்துக்குத் தாராளமாகப் பக்கம் இருந்தது. அடுத்து நான் செய்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. என் எழுத்தைப் பெரிதாக்கினேன். வரிக்கு வரி இடம் விட்டேன். ஒரு வரியில் முடிகிற சமாசாரத்தை நாலு வரிக்கு இழுத்தேன். பன்னிரண்டாம் நாள் புத்தகம் தீர்ந்தது. விதிப்படி எல்லாம் சரி. ஜே.இ. சார் லிஸ்ட்டை என் முன்னால் வைத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குக் கீழே விரலை வைத்தார். என் எழுத்து பெரிதானதை அவர் கவனிக்காமல் இருந்திருப்பாரா?

மதியம் மூன்று மணி வெயிலில் குழியில் போட்டுக் கொளுத்தினேன். கட்டை அவிழ்க்காமல் போட்டதால் சீக்கிரம் பிடிக்கவில்லை. குச்சியால் கிளறியபோது சணல் எரிந்து அறுந்து, கடைசிப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. சிவப்பு வரி, அதன்கீழ் ஏ. ஏழுமலை. அப்போதுகூடக் கையை விட்டு எடுத்திருக்கலாம். கை வெந்திருக்கும், அவ்வளவுதானே.

சொன்ன நாளில் பாஞ்சாலை வந்தாள். "பழசெல்லாம் எரிச்சாச்சும்மா. ரூல்ஸு" என்றேன். சண்டை போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்திருந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. "எரிச்சிட்டீங்களா சார்?" என்று ஒரு தடவை கேட்டாள். குழந்தை தண்ணீர் கேட்டது, குழாயில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கருப்புப் புள்ளி கிடையாது. முழுப் பென்ஷன் வாங்குகிறேன். இரண்டு பெண்களையும் நல்லபடியாகக் கட்டிக்கொடுத்தேன். வரதராஜன் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். கோதண்டமும் இல்லை என்று கேள்வி. மிச்சம் நான்தான். அந்தப் பையன் "யார் சார் கேக்கப் போறாங்க" என்று சிரித்தானே, அதற்கு மறுநாள் காவாந்தண்டலத்துக்குப் பஸ் ஏறினேன்.

பாஞ்சாலை வாசலில் நெல் காயப்போட்டுக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை, இரண்டு கண்ணும் மங்கல். "யாரு?" என்றாள். சொன்னேன். உட்காரச் சொன்னாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு வரி, சாவி, பொய், பெரிய எழுத்து, குழி. ஒன்றையும் விடவில்லை. காறித் துப்பட்டும், செருப்பால் அடிக்கட்டும் என்றுதான் போயிருந்தேன்.

காக்கை வந்து நெல்லைக் கொத்தியது. அவள் விரட்டவில்லை.

"கையெழுத்து எப்டி இருந்துச்சி?"

எனக்குப் புரியவில்லை.

"கோணலா இருந்துச்சா, நேரா இருந்துச்சா? குடிச்சவன் போட்டா கோணிக்கினு போவும்ல. ஊரே சொல்லிச்சி. அன்னிக்குக் காலைல முந்தின நாள் வாங்கின சம்பளக் காசைக் குடுன்னு நான் அது கூட சண்டை போட்டேன். கோவத்துல போய்க் குடிச்சிட்டு ஏறிடுச்சோன்னு... இத்தினி வருசம் நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு கீறேன்."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வேலையைத்தான் பிடுங்கினோம், பேரைத்தான் கெடுத்தோம் என்று நினைத்திருந்தேன். கட்டினவளுக்கே அவன்மேல் இருந்த நம்பிக்கையையும் நான்தான் அந்தக் குழியில் போட்டுக் கொளுத்தியிருக்கிறேன்.

"நேரா இருந்தது. போட்டுட்டு நேரா கீதான்னு என்கிட்ட கேட்டான்" என்றேன்.

"கேக்கும். வூட்லயும் கேக்கும்" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

நான் எழுந்தபோது சொன்னாள்: "எழுதிக் குடு சார். எனக்குக் கண்ணு தெரியாது. படிச்ச புள்ளைங்க இங்க கீதுங்க. தெருவுல உக்காந்து சத்தமா படிக்கச் சொல்றேன்."

ஆகவே எழுதினேன். இந்த மலரில் நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு பிரதி காவாந்தண்டலத்துக்குப் போகிறது. பதினைந்தாம் புத்தகத்தில் அன்றைக்கு நான் எழுதாமல் விட்ட வரியை, சிவப்புப் பேனா வாங்கி, இந்தத் தாளின் கடைசியில் எழுதுகிறேன்.

பதினாலாம் புத்தகத்திலிருந்து கொண்டுவந்தது: மூன்றாம் நம்பர் ஃபீடர். காலை 11.10. வயர்மேன் ஏழுமலைக்கு லைன் கிளியர் கொடுத்தேன். ஆள் கம்பத்தில் இருக்கிறார். ஸ்விட்ச் போடக்கூடாது. அவர் போட்ட கையெழுத்து நேராக இருந்தது.